சம்பந்தி போட்ட காசு

ஒரு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதற்குக் குனிந்த நீக்கிலாப்பிள்ளை, நிமிர்ந்து என் கணவரின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் மற்றச் சப்பாத்தை மறந்துபோனார். ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் சாம்பல் நிறச் சொக்ஸுமாக ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலை அவர் அடைத்துக்கொண்டு நிற்க, அவருக்குப் பின்னால் கேக் பெட்டியோடு அவருடைய மனைவி மங்கையற்கரசியும், அவவுக்குப் பின்னால் பூச்செண்டோடு மகன் றொபேட்டும் ஒக்டோபர் மாதக் குளிரில் நின்றார்கள். நான் "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கதவால் வீட்டுச் சூடெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

பிக்கரிங்கிலிருந்து எங்கள் மகள் டெல்சியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கோயில் ஆட்கள் மூலம் வந்த பேச்சு. டெல்சியும் றொபேட்டும் அதற்கு முதலே பல தடவை கோப்பி குடித்து, கதைத்து, தங்களுக்குள் முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் கூடி ரோல்ஸ் சாப்பிடுவது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நீக்கிலாப்பிள்ளை அதைக்கூடச் செய்யவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தார், சுவரில் தொங்கிய கிற்றாரைப் பார்த்தார், பிறகு கார்ப்பெற்றைப் பார்த்தார். என் கணவர் பேனாட் கலகலப்பான ஆள். "அண்ணை, உங்களை எங்கையோ நல்லாக் கண்டு பழகின முகமாய்க் கிடக்கு" என்றார். "இருக்காது" என்று நீக்கிலாப்பிள்ளை சொன்னார். அதற்குப் பிறகு கதை வானிலையில் ஏறி, பிக்கரிங் வீட்டு வரியில் இறங்கி, அப்படியே படுத்துவிட்டது. ஏதோ கூட்டம் இருக்கிறதென்று சொல்லி வேளைக்கே எழும்பிப் போனார்கள்.

"ரோல்ஸுக்கு மிளகு கூடிப்போச்சோ?" என்று கேட்டேன்.

"அந்தாள் கடிச்சால்தானே மிளகு தெரியிறதுக்கு" என்றார் இவர்.

இந்த மனிதரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு வராது. வந்தாலும் பாதியில் பாட்டாக்கிவிடுவார். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவர். அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பறங்கிக்காரர், கப்பலில் ஏற்ற முடியாமல் விட்டுப்போன கிற்றார் இவருடைய கையில் வந்து சேர்ந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. தந்தி அறுந்தால் தூண்டில் நரம்பைக் கட்டி வாசித்த ஆள். கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் கிற்றாரோடு போய் நின்றபோது, இது கள்ளுக்கடைச் சாமான் என்று சுவாமியார் வெளியே அனுப்பினார். அடுத்த வருடமே அதே சுவாமியார் நத்தார் ஒளிவிழாவுக்கு வந்து கூப்பிட்டார். நாட்டுக்கூத்துக்கு வாசித்தார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பிறகு எழுபதுகளில் பொப் பாட்டு யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆட்டியபோது இவர் கொடி கட்டிப் பறந்தார். பெல்பொட்டம், காது மூடின தலைமயிர், கழுத்தில் பெரிய கொலர். களியாட்ட விழா என்றால் இவர், விளையாட்டுப் போட்டி என்றால் இவர், கலியாண வீடு என்றால் சொல்லவே தேவையில்லை. மேடையில் நின்ற அந்தக் கொலரைப் பார்த்துத்தான் நானும் விழுந்தேன் என்பதை இப்போது மறைத்து என்ன பயன்.

அது முடிய நீர்கொழும்புக் கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு ஆங்கிலப் பாட்டும் சிங்களவருக்கு பைலாவும். எண்பத்திமூன்று கலவரத்தில் அந்த வாழ்க்கையை எரித்தார்கள். கிற்றாரும் போனது. ஜேர்மனியில் அகதி முகாம். அங்கே ஒரு போலந்துக்காரனின் கிற்றாரை இரவல் வாங்கி, போலந்துப் பாட்டுப் பழகி, முகாம் முழுவதையும் ஆடவைத்ததாக இவரோடு இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு டான்ஃபோர்த்தில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவப் போனவர், இரண்டாவது கோடையில் அதே கடையின் முன்பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கிரேக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லம், பாலர் பள்ளி, தமிழ்க் கலைவிழா, ஏரிக்கரையில் நடக்கும் நாட்டுப்பாடல் விழா, பிள்ளை பெரிசான சாமத்திய வீடு, செத்தவீட்டுப் பூசை, இவர் பாடாத இடம் இந்த ஊரில் இல்லை. ஆறு மொழியில் பாடுவார். வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்று நான் தமிழில் சொன்னால் விளங்காது. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இந்த மனிதரில் பெருமை. சும்மா பெருமை இல்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைத்தெருவால் நடக்கும் பெருமை.

இப்போது பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பின்னேர வேலை. காலையில் சப்வே ஸ்டேஷனில் பாடுகிறார். அதற்கு வருடா வருடம் நடுவர்களுக்கு முன்னால் பாடிக்காட்டி, தெரிவானால்தான் கழுத்தில் தொங்கவிடும் அட்டையும் நிற்பதற்கு ஓர் இடமும் கிடைக்கும். கிற்றார்ப் பெட்டியை முன்னால் திறந்து வைப்பார். கேட்கிறவர்கள் விரும்பினால் அதில் ஏதாவது போடுவார்கள்.

அடுத்த நாள் பின்னேரம், டெல்சியும் இவரும் வேலையில் இருந்த நேரம், மங்கையற்கரசி தொலைபேசி எடுத்தா. முதலில் கேக் நல்லாயிருந்ததா என்று கேட்டா. அது அவ கொண்டுவந்த கேக். பிறகு குரலைத் தாழ்த்தினா.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இவர் நேற்று வீட்டை வந்து சாப்பிடேல்லை. உங்கட அவரை இவர் யூனியன் ஸ்டேஷனில கண்டிருக்கிறார். ஒரு தரம் ரண்டு தரம் இல்லை. ட்ரெயினால இறங்கி வேலைக்குப் போற வழியில, ஒரு வருசமாய்."

"ஓம். அவர் அங்கை பாடுறவர்தானே" என்றேன்.

"அதுதான் அக்கா. இவர் காசு போட்டிருக்கிறார்."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. போட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

"காணுற நாளெல்லாம் போட்டிருக்கிறார். இப்ப வந்திருக்கிற ரண்டு டொலர்க் குற்றி. எங்கட ஊர்ச் சனம் ஒண்டு இப்பிடி நிக்குதே எண்ட பரிதாபத்தில போட்டனான் எண்டுறார். நான் பிச்சை போட்ட மனிசன்ர வீட்டில எப்பிடிப் பொம்பிளை எடுக்கிறது, நாளைக்குச் சபையில சம்பந்தி எண்டு எப்பிடிப் பக்கத்தில இருக்கிறது எண்டு ராமுழுக்க உலாத்திக்கொண்டு திரிஞ்சவர்."

எனக்கு உச்சந்தலை சூடேறியது. ஆனால் அவவும் பாவம், சொல்ல வந்தவ. "மங்கையற்கரசி, பிச்சை எடுக்கிறதுக்கு ஆரும் சோதனை வைக்கினமோ? இவர் வருசா வருசம் சோதனை பாஸ் பண்ணித்தான் அங்கை நிக்கிறார்."

"அதை றொபேட்டும் சொன்னவன் அக்கா. அதுக்கு இவர், எத்தினை பேர் எடுத்து எத்தினை பேர் பாஸ் எண்டு கேட்டார்."

அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளை ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்காக இருந்தவர், இங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வேறு எப்படிக் கேட்பார். மங்கையற்கரசியும் சிரித்தா. சிரித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னா. உங்கட அவர் இனி ஸ்டேஷனில் பாடுவதில்லை என்றால் கலியாணத்தைப் பேசலாம். இல்லையென்றால் நீக்கிலாப்பிள்ளை சம்மதிக்க மாட்டார். றொபேட் தகப்பனை மீறமாட்டான், அப்படி வளர்ந்த பிள்ளை.

"ஆனால் அக்கா, உங்கட அவர் அங்கை ஒரு பாட்டுப் படிப்பாராம். கடைசி வஸ் எண்டு வாற பாட்டு. அதுக்காண்டித்தான் இவர் அந்தப் பக்கத்தால நடக்கிறதே. இவர் எனக்குப் பின்னாலை சுத்தின காலத்தில, களியாட்ட விழாவில டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்ட பாட்டு. நான் சைவம், இவர் வேதக்காரர். வீட்டில தெரிஞ்சால் வெட்டுக்கொத்து. அந்தப் பாட்டைச் விசில் அடிச்சுக்கொண்டுதான் எங்கட ஒழுங்கையால போவார்."

"அது ஆற்ற பாட்டெண்டு தெரியுமோ?"

"ஆருக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பாட்டு."

பஸ்ஸை வஸ் என்று சொன்ன காலத்துப் பாட்டு. நான் சொல்லவில்லை. தொலைபேசியில் சொல்லி வீணாக்குவதற்கு அது சின்ன விஷயம் இல்லை.

இவர் வேலையால் வந்து கோட்டைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். இவருடைய முகம் மலர்ந்தது. "அட, அந்தக் கறுத்தக் கோட்டுக்காரர். அதுதானே பாத்தன். குனிஞ்சு வாசிக்கிறவனுக்குச் சப்பாத்துத்தானே தெரியும், சப்பாத்தில்லாமல் எனக்கு ஆளை மட்டுக்கட்டேலாமல் போச்சு. அவர் நல்ல ரசிகன், கிளடிஸ். அவர் வந்தாரெண்டால் நான் பாடிக்கொண்டிருக்கிறதை விட்டிட்டு வஸ் பாட்டைத்தான் எடுக்கிறனான்."

"அந்த ரசிகன்தான் உங்களை நிப்பாட்டச் சொல்லுறான்."

சாப்பாட்டு மேசையில் இருந்து யோசித்தார். சோற்றைக் கிண்டினார். பிறகு "சரி, விடுறன்" என்றார். அவ்வளவு லேசாக. ஸ்டேஷன் அட்டையைக் கோட்டுப் பொக்கெற்றிலிருந்து எடுத்து, சாவிகள் தொங்கும் ஆணியில் கொழுவினார். "பிள்ளையின்ர காரியம். ஸ்டேஷன் எங்கையும் ஓடாது."

டெல்சி மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இறங்கி வந்து தகப்பனுக்கு முன்னால் இருந்தாள். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள், ஆட்களைப் பயப்படாமல் வாய் திறக்க வைக்கத் தெரிந்தவள். "அப்பா, றொபேட்டுக்கு உது ஒரு இஷ்யூவே இல்லை. ஹீ திங்ஸ் இட்ஸ் கூல். அவற்ற அப்பாதான்."

"அவற்ற அப்பாவும் சேர்ந்ததுதானே மகள் கலியாணம்."

"எனக்காண்டி நிப்பாட்டாதேங்கோ. பிறகு நான் காலம் முழுக்க அதை நினைச்சுக்கொண்டிருக்க வேணும்." அவளுக்கு றொபேட்டைப் பிடித்திருந்தது. அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இவர் அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் படுக்கப் போனார். வழக்கமாகக் குளியலறைக்குள் போய், எதிரொலி நல்லாயிருக்கிறதென்று கொஞ்ச நேரம் வாசித்துவிட்டுத்தான் படுப்பார். அன்றைக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு நித்திரை வரவில்லை. வந்தது ஆத்திரம்தான். இந்த மனிதருடைய பாட்டைச் சுவாமியார் நிறுத்தினார், ஊரடங்கு நிறுத்தியது, ஹோட்டலோடு சேர்த்து நெருப்பு நிறுத்தியது, அகதி முகாம் நிறுத்தப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் மற்றப் பக்கத்தால் போய் இன்னோர் இடத்தில் ஸ்டூலைப் போட்டு இருந்தார். தானாக நிறுத்தியது இவருடைய சீவியத்தில் இதுதான் முதல் தடவை, அதுவும் ஒரு ரசிகன் சொன்னதற்காக. அதை என்னால் தாங்க முடியவில்லை. மகளுடைய கலியாணம் குழம்பினால் அதையும் தாங்க முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு விடியும்வரை கிடந்தேன்.

இவருக்கு யூனியனில் இடம் ஒதுக்கியிருந்தது வெள்ளிக்கிழமை காலை. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அன்றைக்கு லீவு சொன்னேன். விடியவே எழும்பி, டெல்சியின் கலியாண எழுத்துக்கு, பதிவு நாளில், கட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த அரக்குக் காஞ்சிபுரத்தை எடுத்துக் கட்டினேன். இவர் கட்டிலில் எழும்பி இருந்து கண்ணைக் கசக்கினார்.

"எங்கை, ஆற்றையும் கலியாணமோ?"

"வெளிக்கிடுங்கோ. உங்கட கச்சேரிக்கு."

"நான் விட்டிட்டன் எண்டு சொன்னனான் எல்லோ."

"இஞ்சேருங்கோ, இவ்வளவு காலமும் நான் உங்களுக்குக் குறுக்கை நிண்டதில்லை. இண்டைக்கு நீங்கள் எனக்குக் குறுக்கை நிக்காதேங்கோ. இண்டைக்கு ஒருக்கால் பாடுங்கோ. அதுக்குப் பிறகு விடுறதெண்டால் விடுங்கோ."

என்னுடைய குரலில் எதைக் கேட்டாரோ தெரியாது, எழும்பி முகம் கழுவி, ஆணியிலிருந்த அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பஸ்ஸிலும் பிறகு சப்வேயிலும் ஏறி வந்தோம். குளிர்க் கோட்டுக்குக் கீழே என் சேலைக்கரை நிலத்தைத் தொட்டுத் தொட்டு வந்தது. வேலைக்குப் போகும் எங்கள் சனம் இரண்டு பேரையும் பார்த்தது, கிற்றாரைப் பார்த்தது, சேலையைப் பார்த்தது, ஏதோ விசேஷமாக்கும் என்று ஒதுங்கி இடம் தந்தது.

யூனியனில் ட்ரெயினால் இறங்கி வருகிறவர்கள் சப்வேக்குத் திரும்பும் இடத்தில், தூணோடு இவருக்கு இடம். இவர் பெட்டியைத் திறந்து வைத்து, தந்திகளை முறுக்கிச் சுதி சேர்த்து, கிரேக்கப் பாட்டொன்றில் தொடங்கினார். நான் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். காலை நேரத்து ரொறன்ரோ எங்களுக்கு முன்னால் ஓடியது. பெரும்பாலானவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சீனக் கிழவர் நின்றார். கோட்டும் சூட்டும் போட்ட ஒரு பெண்பிள்ளை நடையைக் குறைத்து, சிரித்துவிட்டுப் போனாள். இவருடைய குரல் அந்த ஓட்டத்துக்கு மேலே தனியாக, சுத்தமாக, ஐம்பது வயதுக் குரல் என்று யாரும் சொல்ல முடியாதபடி போனது. இதைக் கேட்க நான் முதலே வந்திருக்கலாம் என்று நினைத்தேன். வேலை, வேலை என்று ஓடியதில் வரவில்லை.

நீக்கிலாப்பிள்ளை வந்தார். கறுத்தக் கோட்டு, தோல் பை. தூரத்திலேயே கிற்றார்ச் சத்தம் கேட்டிருக்கும், வலது கை பொக்கெற்றுக்குள் போய் வெளியே வந்துவிட்டது. எத்தனை நாள் பழக்கம். நிமிர்ந்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு நான் நிற்பதைக் கண்டார். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பொத்திக்கொண்டார்.

"மிஸிஸ் பேனாட், நீங்கள் இஞ்சை..."

"பாட்டுக் கேக்க வந்தனான் அண்ணை. உங்களை மாதிரித்தான்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், தெரிந்த முகம் ஏதும் வருகிறதோ என்று.

"ஒண்டு கேக்கவேணும். வேலைக்குப் பிந்தாதெண்டால் நில்லுங்கோ."

"கேளுங்கோ" என்றார், மெதுவாக.

"நீங்கள் இதுக்குள்ள இவ்வளவு நாளும் போட்டது பிச்சையோ, டிக்கெட் காசோ?"

அவர் பெட்டிக்குள் கிடந்த குற்றிகளைப் பார்த்தார். என்னுடைய குரல் நடுங்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் திருப்தி.

"எழுவத்திநாலில வஸ் பாட்டைக் கேக்க யாழ்ப்பாணத்துச் சனம் வரிசையில நிண்டு டிக்கெட் எடுத்தது. நீங்களும் எடுத்தனீங்கள், ரண்டு டிக்கெட். உங்கட மனிசி சொன்னவ. அண்டைக்குக் காசு குடுக்கேக்க உங்களுக்கு ஆரிலயும் பரிதாபம் வரேல்லை. இடம் கிடைச்சதே எண்டு சந்தோசப்பட்டிருப்பீங்கள்."

"அது வேற மிஸிஸ் பேனாட். அண்டைக்கு மேடையில பாடினவை பெரிய ஆக்கள்."

"அண்டைக்கு மேடையில பாடினவரும் இவர்தான். அந்தப் பாட்டைக் கட்டினதும் இவர்தான். காங்கேசன்துறை றோட்டில வஸ்ஸை விட்டிட்டு, கிற்றாரைத் தோளில போட்டுக்கொண்டு நடந்து வரேக்க கட்டினது."

நீக்கிலாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று கணக்குப் பிள்ளையின் கண்ணால் பார்த்தார். பிறகு திரும்பி இவரைப் பார்த்தார். காது மூடின தலைமயிர் எப்போதோ கொட்டிவிட்டது. பெரிய கொலரும் இல்லை, தொழிற்சாலையில் கொடுத்த நீலச் சுவெற்றர்தான். அவர் அந்த முகத்தில் எதையோ தேடிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. தேடட்டும் என்று விட்டேன். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டேன். கலியாணம் நடக்கிறதோ இல்லையோ, என் மனிசன் யார் என்பது இனி இந்த மனிதருக்குத் தெரியும்.

இவருக்கு எங்களுடைய கதை ஒன்றும் கேட்டிருக்காது. கிரேக்கப் பாட்டு முடிந்தது. தலையை நிமிர்த்தியவர் கறுத்தக் கோட்டைக் கண்டார். சம்பந்தியைக் கண்ட சங்கடம் இவருடைய முகத்தில் வந்து, இரண்டு நொடி நின்று, போய்விட்டது. ரசிகன் வந்து நிற்கிறான், அவ்வளவுதான். சுருதியை ஒரு கட்டை இறக்கி, பெருவிரலால் கீழ்த் தந்தியைத் தட்டித் தொடங்கினார்.

*கடைசி வஸ்ஸும் போகட்டும், கால் இருக்கு எனக்கு,*
*காங்கேசன்துறை றோட்டு நீளம், காத்து இருக்கு துணைக்கு...*

நீக்கிலாப்பிள்ளை போகவில்லை. தோல் பையை நிலத்தில் வைத்தார். எப்போதும் ஓரத்தால் நடந்துகொண்டே போட்டுவிட்டுப் போகிறவர், இவருக்கு நேரே முன்னால், முதல் வரிசையில் நிற்கிறவர் மாதிரி வந்து நின்றார். ட்ரெயினால் இறங்கிய கூட்டம் அவருடைய முதுகில் முட்டி, மன்னிப்புக் கேட்டு, இரண்டு பக்கமும் பிரிந்து போனது. அவர் திரும்பவில்லை. உதடு சொற்களோடு அசைந்தது. கோட்டின் மேல், தொடையில், அவருடைய வலது கை தாளம் போடத் தொடங்கியது. பொத்தினது பொத்தினபடி, உள்ளே காசோடு.